நடுத்திரை முத்தம்

என் கல்யாணப் பேச்சை கிட்டத்தட்ட முறித்தவன் வேறு யாருமில்லை, நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. ராயபுரத்து டாக்கீஸ் ஒன்றில் நான் படம் ஓட்டும் ஆபரேட்டர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஏகாம்பரம் எனக்குத் தூரத்துச் சொந்தம். தன் மகள் செண்பகத்தை எனக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். சினிமாக்காரன் என்றாலே அவருக்குச் சந்தேகம் (ஆபரேட்டரும் அதில் சேர்த்தி). என் யோக்கியதையை நிரூபிக்க அவரைக் குடும்பத்தோடு மேட்னிக்கு அழைத்தேன். "கௌரவமான படம் மாமா" என்றேன். படத்தை நான் பார்த்ததே இல்லை.

வந்தது அகலமான இங்கிலீஷ் படம். எங்கள் திரையோ கிட்டத்தட்ட சதுரம். படம் இரண்டு பக்கமும் சுவரில் வழிந்தது.

"ஓரத்தை அட்டை வெச்சு மறைச்சுடு. நடுவுல இருக்கிறது போதும்" என்றார் மேனேஜர். கேபின் ஜன்னலில் அட்டையை ஒட்டினேன்.

நடுவில் ஒன்றுமே இல்லை. கதாநாயகன் ஒரு கோடியில், வில்லன் மறுகோடியில், இருவரும் அட்டைக்குப் பின்னால். திரையில் மேஜைமேல் ஒரு கூஜா மட்டும்.

"இன்னாடா ஆபரேட்டர், கூஜா பேசிகினு கீது" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல்.

கேபின் ஓட்டை வழியே பார்த்தேன். ஏகாம்பரத்தின் தலை கேபின் பக்கம் திரும்பியிருந்தது. மெஷினின் அடி போல்ட்டைத் தளர்த்தி, தோளைக் கொடுத்து, பேசுகிறவன் திரைக்குள் வரும்படி மெஷினையே திருப்பினேன். முகம் வந்தது. அடுத்தவன் பேசியதும் மறுபக்கம் திருப்பினேன். சட்டை பிழிகிற அளவுக்கு வியர்வையில் நனைந்துவிட்டது.

பிறகு ஒரு காட்சியில் வெறும் தோட்டம், பின்னணியில் வயலின். கூட்டம் கத்துவதற்குள் முந்திக்கொள்வோம் என்று அவசரமாக வலப்பக்கம் திருப்பினேன். கதாநாயகனும் கதாநாயகியும் முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள். சும்மா விட்டிருந்தால் அட்டைக்குப் பின்னாலேயே முடிந்திருக்கும் முத்தம். அதை நட்டநடுத் திரைக்கு இழுத்து வந்தவன் நான். திருப்பிவிடப் பார்த்தால் மெஷினின் கால் தரைப்பலகை இடுக்கில் மாட்டிக்கொண்டது. முத்தமோ முடிவதாக இல்லை.

இடைவேளையில் ஏகாம்பரம் கேபினுக்கே ஏறி வந்தார்.

"படம் தானா நவுருதா, நீ நவுத்துறியா?"

"நான்தான் மாமா."

மெஷினைச் சுற்றிப் பார்த்தார்.

"முப்பது வருசமா கிரேன் ஓட்றேன். இவ்ளோ கரீட்டா நடுவுல சரக்க நானே எறக்குனதில்ல" என்றார். "கீழ செண்பகம் சிரிச்சுகினே கீது. வூட்டுல அது சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. தையிலே வெச்சுக்கலாமா?"

தையிலேயே நடந்தது. ஆனால் இன்றைக்கும் நான் கேமராவைக் கையில் எடுத்தால் போதும், மகன், மருமகள், பேத்தி எல்லாரும் இடித்துக்கொண்டு நடுவில் வந்து நிற்பார்கள். "ஓரமா நிக்காதீங்க, அவரு வெட்டிடுவாரு" என்று முதலில் இடம் பிடிப்பவள் செண்பகம்.