ஐந்தாவது புகைபோக்கி

எங்கள் ஷ்ரோப்ஷயர் மாவட்டத்தில் மழை பெய்யும் என்பதும், அது வீட்டுக்கு வெளியே பெய்ய வேண்டும் என்பதும் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயங்கள். எங்கள் ஊர்ப் பெரிய வீட்டில் இரண்டாவது விதி மட்டும் கொஞ்ச காலமாக நடைமுறையில் இல்லை. வீட்டுக்காரி டாஃப்னி ஹாக்ஸ்வொர்த் குடை பிடித்துக்கொண்டு தூங்கினார். குளிர்காலத்துக்குள் கூரையை மாற்றியாக வேண்டும். புராதன வீடாகையால், தொன்மைக் காப்பு அலுவலகம் அனுமதிக்காமல் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது.

அதிகாரி பிளம் வந்தார். கூரையைப் பார்க்கவில்லை. கூடத்துச் சுவரில், இதே வீட்டை யாரோ எப்போதோ வரைந்த எண்ணெய் ஓவியத்தைப் பார்த்தார்.

"வீடு தப்பா இருக்கே, மேடம்."

"என்ன தப்பு?"

"படத்துல புகைபோக்கி அஞ்சு. உங்ககிட்ட நாலுதான் இருக்கு."

"ஓவியருக்கு மரம் வரைய வராது, மிஸ்டர் பிளம். கேவலமா வந்த மரத்தை மறைக்க ஒரு புகைபோக்கியை வெச்சுட்டாரு. எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும்."

"குடும்பத்துக்குத் தெரியும். அலுவலகத்துக்குத் தெரியாது. முதல்ல அஞ்சாவதைக் கட்டுங்க. அப்புறம் கூரை."

"தேநீர் குடிக்கிறீங்களா?" என்றார் டாஃப்னி. ஒருவரைக் கொல்லத் தோன்றும்போது எங்கள் நாட்டில் இப்படிக் கேட்பதுதான் வழக்கம்.

ஐந்தாவதைக் கட்டினார். அந்தக் கனத்தில் கூரை இன்னும் இறங்கி, கூடமும் ஒழுகத் தொடங்கியது. மறுபடி வந்த பிளம் ஓவியத்தைப் பார்த்து வெளிறிப்போனார்.

"படம் நனையுதே! ஏன் சொல்லல?"

"வந்த நாள்லேருந்து அதைத்தானே சொல்றேன்."

"வீடு ஒழுகுதுன்னீங்க. படம் நனையுதுன்னு சொன்னீங்களா?"

அலுவலகம் அதன் வரலாற்றில் இல்லாத வேகத்தில் இயங்கியது. ஓவியமே மூலம், வீடு அதன் பிழையான நகல், நகலால் மூலத்துக்கு ஆபத்து. ஆகவே வீட்டை இடித்தார்கள். ஓவியத்தை இடம் மாற்றுவது சட்டவிரோதம் என்பதால் அந்தச் சுவரை மட்டும் விட்டு, அதன்மேல் அருமையான கூரை போட்டார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

டாஃப்னி தம் கட்டிலை அந்தக் கூரையின் கீழே போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஓவியத்தைப் பார்க்க ஊரே நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு மழையில் வரிசையாக நின்றது. பிளமும் வந்தார்.

"இங்க நீங்க படுக்கக் கூடாது, மேடம்."

"இது என் வீடு."

"படத்துல நீங்க இல்லையே."

டாஃப்னி ஆதரவு தேடி எங்களைப் பார்த்தார். நாங்கள் குடைகளைச் சற்றே உயர்த்தி ஓவியத்தை உற்றுப் பார்த்தோம். உண்மைதான், அவர் இல்லை.

"கொஞ்சம் தலையைத் தாழ்த்திக்கிறீங்களா?" என்று டாஃப்னியைக் கேட்டார் எனக்குப் பின்னால் நின்றவர், மிகுந்த மரியாதையுடன். "அஞ்சாவது புகைபோக்கி தெரியல."