மஞ்சள் கடவையில் ஒரு மதுரைக்காரன்

மதுரையில் ரோட்டைக் கடக்கத் தெரிந்தவன் உலகத்தில் எந்த ரோட்டையும் கடந்துவிடுவான் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் நம்பிக்கை. ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே உடம்பைக் கோணலாக்கி நுழைவதில் நான் கொஞ்சம் கெட்டிக்காரன். (விழுப்புண்கள் உண்டு.) அந்தத் திமிரோடுதான் திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

வந்த சில நாளிலேயே, கூட வேலை பார்க்கும் சுதனின் தங்கைக்குக் கல்யாணம். "மாலையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திடுங்கோ. கடை மண்டபத்துக்கு நேர எதிரதான். ஏலும்தானே?" என்றார் சுதன்.

ரோட்டைக் கடக்கிற வேலை. அதை என்னிடம் 'ஏலுமா' என்கிறார்!

மாலைப் பெட்டியோடு, நடந்து கடப்பவர்களுக்காகக் கோடு போட்ட மஞ்சள் கடவையில் கால் வைத்தேன். வந்துகொண்டிருந்த பஸ் நின்றது. எங்கள் ஊரில் பஸ் அப்படி நடுரோட்டில் நின்றால், ஒன்று டயர் வெடித்திருக்க வேண்டும். அல்லது அமைச்சர் வர வேண்டும். பின்வாங்கி, "நீங்க போங்க" என்று கையைக் காட்டினேன். டிரைவரும் கையைக் காட்டினார். பிறகு விளக்கை அடித்தார். மதுரையில் அதற்கு 'உயிர் மேல ஆசை இருந்தா ஒதுங்கு' என்று அர்த்தம். துள்ளி ஓரத்துக்கு வந்தேன். பஸ் நகர்ந்தது. சரி, போகிறது என்று காலை வைத்தேன். மறுபடி நின்றது.

டிரைவர் தலையை நீட்டினார். "அண்ணை, கடக்கிறீங்களோ, இல்லையோ?"

"பரவாயில்ல சார், நீங்க முதல்ல போங்க."

"நீங்கள் கோட்டில நிக்கேக்க நான் போக ஏலாது. அங்க பொலிஸ் நிக்குது!"

இதற்குள் எதிர்ப்பக்க வாகனங்களும் நின்றுவிட்டன. அந்த நேரம் பார்த்து, ஊருக்குள் திரிகிற புள்ளிமான்களில் இரண்டு என் பக்கத்தில் வந்து, வாகனங்களை ஒரு பார்வை பார்த்து, நிதானமாகக் கடவை வழியே கடந்து போயின. பஸ்ஸே சிரித்தது.

பஸ்ஸுக்குப் பின்னால் பூ ஒட்டிய கார். உள்ளே மாப்பிள்ளை. அதாவது மாலை, மாப்பிள்ளை இரண்டையும் நான் ஒருவனே தடுத்து வைத்திருந்தேன். காரிலிருந்து பட்டுச்சேலையோடு ஒரு பெண் இறங்கி ஓடி வந்தாள். மாப்பிள்ளையின் தங்கை யாழினி.

"முகூர்த்தம் போகுது, இந்தாள் இதில நிண்டு கை காட்டுது!" என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். விசில் ஊதியபடி பொலிஸ்காரரும் வந்துவிட்டார். யாழினி கண்ணிமைக்காமல் சொன்னாள்: "இவருக்குக் கண் தெரியாது, சேர்."

நான் வாயைத் திறந்தேன். "மூடுங்கோ," என்றாள் பல்லுக்குள்.

பொலிஸ்காரர் உருகிப்போய் என் மற்ற முழங்கையைத் தாங்கினார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். (நடிப்பு இயல்பாக இருக்கட்டுமே!) மறுகரையில் கால் தடுக்கியது மட்டும் நடிப்பில்லை.

இதையெல்லாம் காருக்குள் இருந்து பார்த்த யாழினியின் சித்தப்பா அப்படியே நம்பிவிட்டார். மண்டபத்தில் என்னைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி வர்ணனை தொடங்கினார். "இப்ப தாலி கட்டுறார், தம்பி. பொம்பிளை அழுறா. சந்தோசத்திலதான்." நான் கூரையைப் பார்த்துத் தலையாட்டினேன். உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் அந்த மனிதரின் கண்கள் கலங்கியிருந்தன.

பந்தியிலும் அவரே. "வலக்கைப் பக்கம் வடை, தம்பி. மெல்ல." எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பாயச வாளி என் இலையைத் தாண்டிப் போகும்வரை.

"அண்ணே! எனக்கு ஊத்தாமப் போறீங்களே!"

சித்தப்பாவின் கை வாய்க்கருகில் நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார். பாயசத்தை அதற்குப் பிறகு நான் விழுங்கியதாக ஞாபகமில்லை.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். யாழினியும் அங்கே இருந்தாள். ஒரு மன்னிப்பு போதாது என்று அடிக்கடி போனேன். அடுத்த வருடம் அதே மண்டபத்தில் யாழினிக்குத் தாலி கட்டினேன். முடிச்சுப் போட்ட கையோடு, சபைக்கே கேட்கும்படி சித்தப்பாவின் குரல்:

"இப்பதான் நம்புறன். பொடியனுக்குக் கண் தெரியாதுதான்!"

எங்கள் கல்யாண ஆல்பத்தை யார் திறந்தாலும் என் வாயில் முதலில் வருவது அந்த வசனம்தான். ஒவ்வொரு முறையும் யாழினி என் கையைக் கிள்ளுகிறாள். சித்தப்பாவைக் கிள்ள ஏலாதாம்.