படகு இல்லாத சங்குப்பூ

"அண்ணா, சங்குப்பூவும் அவரைக்காயும் சொந்தம்னு யாரு முடிவு பண்ணது?"

ஆறாம் வகுப்பில் நிலா இப்படிக் கேட்டது மயிலாப்பூர் பெண்கள் பள்ளியின் ஆய்வக உதவியாளர் பஞ்சாட்சரத்திடம். இன்று அதே நிலாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தாவரவியல் செய்முறைத் தேர்வு. அவள் வேளாண் கல்லூரிக்குப் போவதா, நொச்சிக்குப்பத்தில் அம்மாவோடு மீன் விற்க உட்காருவதா என்பது இந்த மார்க்கிலும் இருந்தது.

தேர்வுக்கு இருபது சங்குப்பூ வேண்டும். பள்ளி வேலிக் கொடியில் முந்தின மாலையே மொட்டுகளை எண்ணி வைத்திருந்தார். காலை எட்டரைக்கு வந்து பார்த்தால் கொடியில் இலை மட்டும் இருந்தது.

தெற்கு மாட வீதிப் பூக்கடைக்கு ஓடினார்.

"முத்தம்மா, சங்குப்பூ இருபது குடு. பொண்ணுங்க பரீட்சைக்கு."

"பரீட்சைக்கா? அப்ப இந்த சாதாப் பூ வேணாம். சாமிக்குன்னு நல்லதா எடுத்து வெச்சது கீது. எடுத்துக்கினு போ."

நல்ல மனசோடு கொடுத்த பொட்டலத்தை அங்கேயே பிரித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று அப்படியே கொண்டுவந்தார். ஆய்வகத்தில் பிரித்தார். அத்தனையும் அடுக்குச் சங்குப்பூ.

சாதாப் பூவில் ஒரு பெரிய இதழ், அதற்குப் பேர் கொடி இதழ். பக்கத்து இரண்டும் சிறகு. உள்ளே சேர்ந்திருக்கும் இரண்டும் படகு. அவரைக் குடும்பப் பூவுக்கு அதுதான் அடையாளம், அதற்குத்தான் மார்க். அடுக்குப் பூவிலோ ஐந்து இதழும் கொடி இதழ் மாதிரியே விரிந்து, ரோஜா வேஷம் போட்டுக்கொண்டிருந்தது.

மணி ஒன்பதரை. பஞ்சாட்சரம் இடுக்கியால் இரண்டு இதழை மடித்து, பசை தடவிப் படகு செய்தார். முதல் பூ கிழிந்தது. இரண்டாவதில் படகு கவிழ்ந்தது. மூன்றாவது தேறியது. அதற்குள் வெளித் தேர்வாளர் விஜயராகவன் வாசலுக்கு வந்துவிட்டார். நெற்றியில் பளிச்சென்று நாமம். போன வருஷம் படத்தில் ஒரு கோடு தடித்ததற்கு அரை மார்க் வெட்டியவர்.

மேஜைகளில் பூக்களை வைத்துக்கொண்டே பஞ்சாட்சரம் மாணவிகளிடம் கிசுகிசுத்தார். "பூவப் பாக்காதீங்கம்மா. புஸ்தகத்துல கீறத எழுதுங்க."

எல்லாரும் மளமளவென்று எழுதினார்கள். விஜயராகவன் முதல் மேஜையில் நின்றார்.

"படகு எங்கே, காட்டு."

"இதோ சார்," என்று அந்தப் பெண் வெறும் காற்றைக் காட்டினாள். அடுத்தவளும் அதே காற்றைக் காட்டினாள். மூன்றாவது மேஜையில் இருந்த பசைப் பூ அவர் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. விரலை மோந்து பார்த்துவிட்டு நிலாவிடம் வந்தார்.

"உன் பூவுல படகு?"

"இல்ல சார். அஞ்சும் ஒரே மாதிரி கீது. மகரந்தத் தாள் பத்தும் தனித்தனி. புக்ல ஒம்பது ஒண்ணா சேந்து, ஒண்ணு தனியான்னு போட்டுக்கீது."

"அப்ப என்ன குடும்பம்?"

"அவரைக் குடும்பந்தான் சார். சூலகத்தை நறுக்கிப் பாத்தேன். குட்டி அவரைக்காய் மாதிரியே கீது. மூஞ்சி மாறிட்டா சொந்தம் விட்டுப்போவுமா?"

விஜயராகவன் பஞ்சாட்சரத்தின் பக்கம் திரும்பினார். "இந்தப் பூ எங்கே வாங்கினது?"

"கடையில சார்." பஞ்சாட்சரத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "நம்ம வேலில பூத்தத எவனோ விடியறதுக்குள்ள வழிச்சிக்கினு பூட்டான். பச்சப் புள்ளைங்க பரீட்சைன்னு நெனச்சானா சார்? அவனுக்கெல்லாம் சாமி எப்படி..."

விஜயராகவனுக்குப் பெரிய இருமல் வந்தது. பஞ்சாட்சரம் தண்ணீர் கொடுத்தார். தேர்வு ரத்து என்று சொல்லிவிடுவாரோ என்று ஆய்வகமே பயந்தது.

"எல்லாரும் எழுதினதை அடிச்சுடுங்கோ," என்றார் அவர், மெதுவாக. "பூவைப் பிரிச்சுப் பாருங்கோ. கண்ணால பார்த்ததை எழுதுங்கோ. அரை மணி கூடத் தரேன்." நிலாவின் தாளில் மட்டும் உடனே ஏதோ எழுதி மடித்துவைத்தார். மடிப்பின் ஓரத்தில் 'முழு மார்க்' என்று தெரிந்தது.

மாலையில் பள்ளியைப் பூட்ட வந்த பஞ்சாட்சரம் வேலியருகே நின்றார். கொடியின் வேரடி ஈரமாக இருந்தது. அறுந்து தொங்கிய நுனிகளை யாரோ நூலால் கம்பியில் பதமாகக் கட்டியிருந்தார்கள். யார் என்று கேட்க அங்கே ஆளில்லை.

விஜயராகவன் விடைத்தாள் கட்டோடு வெளியே வந்தார். பஞ்சாட்சரத்தைப் பார்த்து, தேவைக்கு மேலேயே குனிந்து கும்பிட்டுவிட்டு வேகமாக நடந்தார்.

அப்போதுதான் வேலைக்கு வந்த இரவுக் காவலர் சுப்பராயன், போகிறவரையே உற்றுப் பார்த்தார்.

"இந்தப் பெரியவருக்கு உள்ள இன்னா வேலை நைனா? காலைல அஞ்சரைக்கு, பெருமாளுக்குன்னு சொல்லி மொத்தப் பூவையும் பறிச்சிக்கினு போனதே இவருதானே."