இரவல் கேட்க முடியாத கார்

காசு கொடுத்துத் தொல்லையை வாங்குவதில் சீமைக்கார் அண்ணனை மிஞ்ச ஓர் ஆள் காரைக்குடியில் பிறக்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அறுபதுகளில் வசதியுள்ளவர்கள் எல்லாம் அம்பாசிடருக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்க, இவர் மட்டும் மெட்ராஸ் போய், ஏதோ ஒரு தூதரகத்துக்காரர் ஏலத்தில் விட்ட காரை எடுத்து வந்தார். அதன் பெயர் வாயில் நுழையாது. எந்த நாட்டு வண்டி என்பதில் அவருக்கே இரண்டு கருத்து இருந்தது.

யோசிக்காமல் வாங்கினாரா என்றால், அதுதான் கொடுமை, யோசித்தார். எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே மாதக்கணக்கில் சாதக பாதகங்களை அலசினார். அலசி முடித்தால் பாதகமெல்லாம் சாதகமாகியிருக்கும்.

"ரிப்பேர் பாக்க ஆள் இல்லையேண்ணே" என்றேன்.

"நல்லதுதானே தம்பி. கண்டவன் கை வைக்க மாட்டான்ல."

"ஸ்டியரிங் இடது பக்கம் இருக்குங்கிறீக."

"திருடன் ஏறுனாலும் ஓட்டத் தெரியாம இறங்கிப் போயிருவான். இன்னொண்ணு கேளு. அம்பாசிடர் வாங்குனா ஊரே இரவல் கேக்கும். இத எவன் கேப்பான்?"

அது மட்டும் உண்மை. ஒருத்தரும் கேட்கவில்லை. அவர் மனைவி, ஆச்சி, அதில் ஏறவே மறுத்துவிட்டார். "நீங்க முன்னால போங்க. நான் பஸ்ஸுல வந்து வழியில பாத்துக்கிறேன்" என்பார்.

இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவர் மாட்டுவண்டியை முந்தப் போனால் எதிரே வரும் லாரி தெரியாது. வலது பக்கம் ஓர் ஆள் தலையை வெளியே நீட்டி, "போகலாம்ணே", "வேணாம்ணே" என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். அந்த உத்தியோகம் எனக்கு. இன்ஜின் வேறு பின்னால் இருந்தது. பெட்ரோல் பங்க்கில் தண்ணீர் ஊற்ற வந்தவர் முன்பக்கத்தைத் திறந்து, உள்ளே அண்ணனின் வேட்டியும் துண்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, மூடிவிட்டுத் தண்ணீரோடு திரும்பிப் போனார்.

உதிரிபாகம் கிடைக்காதே என்றால் அதற்கும் வழி வைத்திருந்தார். ஏலத்திலேயே ஒரு பெட்டி நிறைய சேர்த்து வாங்கியிருந்தார். அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசும்போது குரலே குழைந்துவிடும்.

இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாணம் வந்தது. பெண் வீடு கானாடுகாத்தானில். பெண்ணின் பெரியப்பா ஏற்கெனவே அரை மனதாக இருந்தவர். ஒன்பதரைக்குள் தாலி ஏறாவிட்டால் பேச்சே இல்லை என்று சொல்லியிருந்தார். எங்கள் வீட்டார் விடியற்காலையிலேயே வேனில் போய்விட்டார்கள். மாப்பிள்ளை சீமைக் காரில்தான் வர வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, தலையை வெளியே நீட்டி லாரி பார்த்துக்கொண்டே கல்யாணத்துக்குப் போனவன் நான் ஒருவன்தான்.

பள்ளத்தூர் தாண்டியதும் பின்னால் பட்டென்று ஒரு சத்தம். ஃபேன் பெல்ட் அறுந்து, புகை வந்து, வண்டி நின்றுவிட்டது.

"கவலப்படாத. பெட்டியில புது பெல்ட் இருக்கு."

"பெட்டி எங்கண்ணே?"

அவர் முகம் செத்துப்போனது. பெட்டி வீட்டில், பெட்டக அறையில் இருந்தது. அருமையான பொருள் எதுவானாலும் அங்கே வைப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். அண்ணனுக்கும் அவர் தம்பிக்கும் பொதுவான அறை. இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி, இருவரும் சேர்ந்து நின்றால்தான் திறக்கலாம். தம்பியோ பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டிய கையோடு தன் சாவியுடன் கப்பலேறி, மலேயாவில், ஈப்போவில் இருந்தார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஒரு பெல்ட்டுக்கு ஈப்போவுலேருந்து ஆள் வரணும். இதுல என்ன சாதகம் இருக்கு, சொல்லுங்க."

அண்ணன் எதிரே வந்த ஒருவரை மறித்து, கெஞ்சிக் கூத்தாடி சைக்கிளை இரவல் வாங்கினார்.

"ஏறு பின்னால."

"நான் மிதிக்கிறேண்ணே."

"வேர்த்து விறுவிறுத்துப் போயா மணையில உக்காருவ? ஏறுடா."

ஐம்பது வயது, பெரிய தொந்தி, போதாததற்கு மூச்சிரைப்பு. என்னைக் கேரியரில் வைத்துக் கானாடுகாத்தான் வரைக்கும் மிதித்தார்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதேகால். வாசலிலேயே பெரியப்பா நின்றிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டு, அத்தனை சனத்துக்கும் கேட்கும்படி சொன்னார்: "பையன ஒண்ணும் சொல்லாதீக. எங்கிட்ட இருக்கிறது ஒதவாத வண்டி. தெரிஞ்சே அதுல கூட்டியாந்தேன்."

பெரியப்பா ஒதுங்கி வழி விட்டார். அந்தக் காரை என்னைப்போல் ஏசியவன் ஊரில் கிடையாது. ஆனால் அதை அவர் வாயால் கேட்க எனக்குத் தாங்கவில்லை. மணைக்குப் போகிறவன் திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்ல வண்டிதாண்ணே" என்றேன்.