ஐந்து மணி என்று வைத்துக்கொள்வோம்

முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்களால் உலகத்தில் யாருக்கும் பெரிய கெடுதல் கிடையாது. நாலு வார்த்தை திட்டிவிட்டு வேறு வழி பார்த்துக்கொள்வோம். ஆனால் ஐயா, ஒரு பிராணி இருக்கிறது. அது ஒருநாளும் முடியாது என்று சொல்லாது. "கட்டாயம் எடுத்துக்கலாம்" என்றுதான் சொல்லும். அதனிடம் மாட்டிக்கொண்ட காரியம் பிழைத்து எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. இந்த இனத்துக்கு நான் 'நிரல்காரர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். எதை முதலில் எடுப்பது, எதை அப்புறம் எடுப்பது என்று வரிசை போடுவது மட்டுமே இவர் தொழில்.

வரிசை போடுவதில் என்ன தப்பு என்கிறீர்களா? எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

நிரல்காரர் மாதா கோவில் கமிட்டியிலும் இருப்பார், பள்ளிக்கூட நிர்வாகக் குழுவிலும் இருப்பார். ஆனால் நன்றாகக் கொழுத்து வளர்வது மாகாணச் சட்டமன்றத்தில்தான். கனடாவின் கோதுமைச் சமவெளியில் எங்கள் மாகாணம் இருக்கிறது. எந்த மாகாணம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த குளிர்காலத்தையும் நான் இங்கேதான் கழித்தாக வேண்டும். பத்திரிகைக்காரர் மாடத்தில் உட்கார்ந்து, ஒரு சின்ன ஊர் வாரப் பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவன் நான்.

எங்கள் அவை முன்னவர் மெர்வின் ஸ்டாட்னிக்கைப் பாருங்கள். அவை எப்போது கூட வேண்டும், கூடினால் எதைப் பேச வேண்டும் என்று முடிவு செய்வது அவர். ரோஜா நிறக் கன்னம், சட்டைப் பையில் நாலு நிறப் பென்சில், கோட்டுப் பையில் புதினா மிட்டாய். தோளில் கை போட்டு, மிட்டாயை உள்ளங்கையில் வைத்து அழுத்தி, "எனக்கு மனசுக்கு ரொம்பப் பிடிச்ச மசோதா இது, தெரியுமா?" என்பார். அந்த மசோதாவுக்கு அன்றைக்கே கருமாதி சாப்பாட்டுக்குச் சொல்லிவிடலாம்.

விதைப்புக் காலத்தில் அவை கூடாது. உறுப்பினர்கள் வயலுக்குப் போக வேண்டுமாம். இன்றைக்கு அவையில் சொந்தமாக டிராக்டர் ஓட்டுகிறவர் ஒரே ஒருவர்தான். மீதிப் பேர் வக்கீல்களும் வீடு விற்கிறவர்களும். ஆனாலும் விதைப்பு விதைப்புதான். கோடையில் கூடாது, ஏரியில் தூண்டிலை மீன் கடிக்கும். அறுவடையில் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் சீக்கிரம் முடித்தாக வேண்டும். இதற்கெல்லாம் போக மிச்சமிருக்கும் நாட்களில், காலைப் பிரார்த்தனை முடிந்து, மாடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளை அவரவர் தொகுதி உறுப்பினர் எழுந்து அறிமுகப்படுத்தி, எல்லாரும் மேசையைத் தட்டி, பனிக்கட்டியில் கல் உருட்டும் பந்தயத்தில் ஜெயித்த பெண்கள் அணிக்கு ஒரு வாழ்த்து, நூறு வயது ஆன அம்மாளுக்கு ஒரு வாழ்த்து, அந்த அம்மாள் சுட்ட கேக்குக்கு ஒரு வாழ்த்து, பிறகு கேள்வி நேரம் என்ற பெயரில் ஒருவருக்கும் பதில் கிடைக்காத நேரம், பிறகு மனுக்கள், அமைச்சர் அறிக்கை, அந்த அறிக்கைக்கு வருத்தம் தெரிவித்து எதிர்க்கட்சி அறிக்கை என்று எல்லாம் தீர்ந்தால், சாதாரண உறுப்பினர் கொண்டுவந்த மசோதாவுக்கு வியாழக்கிழமை சாயங்காலம் கடைசியில் கொஞ்சம் இடம் கிடைக்கும். கிடைத்தால்.

வீட்டிலும் இதே கதைதான். நன்றியறிதல் விருந்துக்கு மனிதர் நிரல் போட்டு வைத்திருப்பார். வான்கோழி அதில் கடைசி.

"மெர்வின், கறி ஆறிப்போகுது! பேசாம வெட்டுங்க!" என்று அவர் மனைவி கத்துவாள்.

"வெட்டாம எங்க போகப்போறேன்? அதோட முறை வரட்டும்மா."

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம், ஆற்றுக்கு அக்கரையில் பெல்ரீவ் என்று ஒரு ஊர். பாலம் கிடையாது. அரசாங்கப் படகு ஒன்று காரோடு ஆளை ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவந்து விடும். குளிரில் ஆறு உறைந்துவிட்டால் பனிமேலேயே கார் ஓட்டிக்கொண்டு வரலாம். தொல்லை என்னவென்றால், படகு அக்டோபர் கடைசியோடு நிற்க வேண்டும் என்று தாத்தா காலத்துச் சட்டம் சொல்கிறது. அந்தக் காலத்தில் நவம்பரிலேயே ஆறு கல்லாகிவிடும். இப்போது கிறிஸ்துமஸ் நெருங்கும்வரை தண்ணீர் சளசளவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. இடைப்பட்ட நாட்களில் அக்கரைக்காரர்கள் தூரத்துப் பாலம் வழியாக மூன்று மணி நேரம் சுற்ற வேண்டும்.

பெல்ரீவில் எமில் கார்போனோ இருந்தார். மெர்வினோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த முன்னாள் உறுப்பினர். கல் உருட்டும் விளையாட்டிலும் இருவரும் ஒரே அணி. சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் இக்கரை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். முந்தைய வருஷம் சுற்றுப்பாதையில் போய்வந்தே மனிதர் பாதியாகிவிட்டார். 'அக்டோபர் கடைசிவரை' என்பதை 'ஆறு உறையும்வரை' என்று மாற்றினால் போதும். அதற்கு ஒரு மசோதா கொண்டுவந்தாள், எதிர்க்கட்சியில் புதிதாக வந்த டார்லின் மக்கே. எதிர்ப்பவர் யாரும் இல்லை. மெர்வினுக்கோ அது மனசுக்கு ரொம்பப் பிடித்த மசோதா. புரிகிறதல்லவா?

வசந்தகாலக் கூட்டத்தில் அது வரவில்லை. மாகாணத்தின் அடையாள மீன் ட்ரவுட்டா, ஸ்டர்ஜனா என்ற விவாதம் வந்து புகுந்துகொண்டது. ஐந்து மணிக்கு அவை கலைய வேண்டும். அன்றைக்கு மணி ஐந்தாகியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஆளுக்கொரு மீன் கதை இருந்தது. எல்லாரும் கையை அகல விரித்துக் காட்ட வேண்டியிருந்தது. "கடிகாரத்தை யாரும் பார்க்கலேன்னு வைச்சுக்கலாமா?" என்று மெர்வின் கேட்டார். அவை முழுவதும் "சம்மதம்!" என்றது. இருட்டும்வரை பேசினார்கள். ட்ரவுட் ஜெயித்தது.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை மசோதாவின் முறை வந்தேவிட்டது. எமிலும் அவர் மனைவி இவெட்டும் பார்வையாளர் மாடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எமில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அதற்குமுன் தாழ்வாரத்தில் மெர்வினை அவர் மடக்கியதைப் பார்த்தேன்.

"டேய் மெர்வின், இன்னிக்காவது வருமாடா? இல்ல, அந்த ட்ரவுட்டைப் பிடிச்சுக்கிட்டு ஆத்துல நீந்தியே ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா?"

"உன் வாய் மட்டும் இன்னும் குறையல எமில்! வருது, வருது. நிரல்ல இருக்குப்பா." ஒரு மிட்டாய் கொடுத்தார்.

வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலம் மெர்வினின் தொகுதியில் மாதா கோவில் கோழி விருந்து. மற்றவர்கள் தொகுதியிலும் அதே. உறுப்பினர்கள் எல்லாரும் ஜன்னலைப் பார்ப்பதும் கார் சாவியைத் தடவுவதுமாக இருந்தார்கள். மெர்வின் மெல்ல நடந்து டார்லின் பக்கத்தில் போய்க் குனிந்தார். பத்திரிகை மாடம் நேர் மேலே இருப்பதால் எனக்குக் கேட்டது.

"டார்லின், இப்ப ஆரம்பிச்சா அரைகுறையா நிக்கும்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அடுத்த வியாழன் மொத இடம் உனக்குத்தான்."

"அவங்க அவ்வளவு தூரத்திலேர்ந்து வந்து உக்காந்திருக்காங்களே, மெர்வின்..."

"அவன் என் சிநேகிதன். நான் பாத்துக்கறேன்."

பிறகு எழுந்து நின்று, "சபாநாயகர் அவர்களே, மணி ஐந்து என்று வைத்துக்கொள்ள அவைக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

மணி நாலைக்கூடச் சரியாகத் தாண்டவில்லை. எங்கள் அவையில் இது ஒரு பழைய மரபு. எல்லாரும் ஒப்புக்கொண்டால் மணி ஐந்துதான். சூரியன் என்ன சொன்னாலும் எடுபடாது. ஆனால் ஒரே ஒருவர் 'இல்லை' என்று சொன்னால் போதும், கடிகாரம் காட்டுவதே மணி. சபாநாயகர் கண்ணாடிக்கு மேலாக அவையைச் சுற்றிப் பார்த்தார். டார்லின் வாயைத் திறந்தாள். அவளைச் சுற்றி இருந்தவர்கள் ஏற்கெனவே கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மாகாணத்தில் கொலை செய்தவனைக்கூட மன்னிப்போம்; ஊர் விருந்துக்குப் போகிறவர்களைத் தடுத்து நிறுத்தியவளை மன்னிக்க மாட்டோம். அவளும் "சம்மதம்" என்றாள்.

மாடத்தில் இவெட் எழுந்து, "இல்ல! எனக்குச் சம்மதம் இல்ல!" என்றாள்.

காவலர் ஓடிவந்தார். "அம்மா, இங்கேருந்து பேசக்கூடாதும்மா. நீங்க பேசினா அவைக்குக் கேக்காது."

"நல்லாத்தானே கேட்டுது? எல்லாரும் திரும்பிப் பாத்தாங்களே!"

"கேட்டாலும் கேக்காதும்மா. விதி அப்படி."

அடுத்த வியாழன் வந்தது. அன்றைக்கு வரவுசெலவுத் திருத்தம் குறுக்கே வந்து விழுந்தது. படகைக் கரையில் ஏற்றிவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் போர் நினைவு நாள், அவை இல்லை. எமில் சுற்றுப்பாதையில் போய்வந்துகொண்டிருந்தார், இவெட் வண்டி ஓட்ட, அவர் பின்சீட்டில் படுத்துக்கொண்டு. இதற்குள் டார்லினும் சும்மா இருக்கவில்லை. மெர்வினைத் துரத்தித் துரத்திப் பிடித்து, வர இருந்த வியாழனுக்கு மசோதாவை முதல் இடத்தில் போட வைத்துவிட்டாள். அச்சடித்தும் வந்துவிட்டது. படகைத் தண்ணீரில் இறக்க அரை நாள் போதும் என்று படகுக்காரரும் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த வாரம் பனிப்புயல் அடித்துச் சுற்றுப்பாதையை மூடியது. எமில் வீட்டிலேயே இருந்தார். ஒரு டயாலிசிஸ் தவறியது, இன்னொன்றும் தவறியது. பாதையைத் திறந்தபோது அவர் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் இக்கரை ஆஸ்பத்திரி விளக்குகள் தெரியும் வீடு அது.

வியாழக்கிழமை அவை கூடியது. இந்த உலகத்தில் எந்த நிரலையும் முந்திக்கொண்டு முதல் இடத்துக்கு வருகிற காரியம் ஒன்றே ஒன்றுதான்: முன்னாள் உறுப்பினருக்கு இரங்கல் தீர்மானம். அதற்கு யாரும் அலைய வேண்டாம், காத்திருக்க வேண்டாம். மெர்வின் பேசினார். எவ்வளவு நன்றாகப் பேசினார் தெரியுமா! எமில் உருட்டிய கல்லைப் பற்றி, எமிலின் வாயைப் பற்றி, ஒரே பெஞ்சில் பகிர்ந்து தின்ற சாண்ட்விச்சைப் பற்றி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு இல்லை ஐயா, சத்தியமாக அழுதார். இந்த இனத்திடம் போலி என்பதே கிடையாது. அதனால்தான் யாருக்கும் இவர்மேல் கோபம் வருவதில்லை. எனக்கு வந்தது.

கடைசியாக மெர்வின், "மறைந்த நம் சகோதரருக்கு மரியாதை செலுத்தும் வகையில், இன்றைய மற்ற அலுவல்கள் அனைத்தையும் ஒத்திவைத்து அவை கலைய வேண்டும்" என்றார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். சம்மதம்.

மற்ற அலுவல்களில் முதலாவது, படகு மசோதா.

தாழ்வாரத்தில் மெர்வின் இவெட்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அந்த மசோதா என்னாச்சு மெர்வின்?" என்று அவள் கேட்டாள்.

"இவெட், இன்னிக்கு அதப் பேசினா நல்லாவா இருக்கும்? எமிலுக்கு மரியாதையா இருக்குமா, நீங்களே சொல்லுங்க. அடுத்த கூட்டத்தொடர்ல மொத வேலையே அதுதான்."

"அவர் உயிரோட இருந்தப்போ நேரமில்லேன்னீங்க. இப்ப செத்துட்டார்னு நேரமில்லேங்கறீங்க. நாங்க வேற எப்படித்தான் இருக்கணும்? சொல்லுங்க, அப்படியே இருந்துட்டுப் போறோம்."

மெர்வின் தலையை ஆட்டி, மிகுந்த அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். கூட்டத்தொடர் அந்த வாரத்தோடு முடிந்தது. முடிந்த தொடரில் நிறைவேறாமல் நின்ற மசோதாக்கள் எல்லாம் தாமாகவே செத்துவிடும் என்பது எங்கள் அவையின் இன்னொரு விதி. அக்கரையில் இப்போது வேறு இரண்டு பேருக்கு டயாலிசிஸ் நடக்கிறது.

என்ன, மெர்வின்மேல் பல்லைக் கடிக்கிறீர்களா? கடியுங்கள், நியாயம்தான். நம்மிடம் பென்சிலும் இல்லை, மிட்டாயும் இல்லை, நமக்கும் அந்த இனத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவது எனக்குத் தெரிகிறது. இருக்கட்டும். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்கள். கண்ணை எடுக்காமல், "இதோ, இதை முடிச்சிட்டு வரேன்" என்றீர்கள். அதற்கப்புறம் அவர்கள் கூப்பிடவில்லை, கவனித்தீர்களா? போய் என்னவென்று கேளுங்கள்.