பாசமாக எழுதினால் திருடன்தான்

என் தங்கைக்கு அக்கா எழுதுவது.

'அன்புள்ள' என்று போடாததற்குக் காரணம் கீழே வருகிறது. இங்கு நான் நலம், கம்ப்யூட்டரும் தேறிவிட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கண்ணாடியைக் காலையிலிருந்து காணவில்லை, குத்துமதிப்பாக எழுதுகிறேன். வரி ஏறி இறங்கினால், எட்டாம் வகுப்பு வரை படித்த நீ, அஞ்சாம் வகுப்பு அக்காவைப் பொறுத்துக்கொள். ஆனால் அந்த அஞ்சாம் வகுப்பில் நான்தான் முதல் மாணவி, மறந்துவிடாதே.

உன் மகள் நேற்று போன் செய்து, "பெரியம்மா, அம்மா சரியாவே பேசறதில்ல. அக்காவே என்னைத் திருடின்னுட்டாளேன்னு சொல்லிட்டே இருக்காங்க," என்றாள். நான் உன்னைத் திருடி என்று சொல்லவில்லை. உன் பெயரில் ஒரு திருடன் வந்திருக்கிறான், யாரும் கதவைத் திறக்காதீர்கள் என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொன்னேன். நடந்ததைக் கேள்.

புத்தாண்டுக்கு முன்பு எனக்கு மெயிலில் ஒரு வாழ்த்து வந்தது. ரிப்பன் கட்டிய பெட்டி, 'திறந்து பாருங்கள்' என்று குதிக்கிறது. அனுப்பியவர் பல் டாக்டர். நம் பல்லைப் பிடுங்கியவருக்கு நம் மேல் இவ்வளவு பிரியமா என்று அமுக்கிவிட்டேன். பெட்டி திறக்கவில்லை. அதற்குப் பதில் அதே பெட்டி என் பெயரில், என்னிடம் விலாசம் இருக்கிற அத்தனை பேருக்கும் போய்விட்டது. குழாய் ரிப்பேர்காரர், மாடி வீட்டுக்காரர், கல்யாணத்தன்று சண்டை போட்டதிலிருந்து என்னோடு பேசாத சம்பந்தியம்மா, ஒருவர் பாக்கியில்லை. சம்பந்தியம்மா போன் செய்து, "இத்தனை வருஷம் கழிச்சு நீங்களே இறங்கி வந்துட்டீங்க," என்று அழுதாள். நான் இறங்கவில்லை, வைரஸ்தான் இறங்கியது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

பேத்தி வந்து எல்லாவற்றையும் துடைத்து, பாஸ்வேர்டை மாற்றி, எனக்கு வகுப்பு எடுத்தாள். "பாட்டி, பண்டிகை நாள் வந்தா இந்தத் திருடனுங்க வாழ்த்து மாதிரியே அனுப்புவானுங்க. உடனே அமுக்காத. தெரிஞ்சவங்க பேர்ல வந்தாலும் வழக்கத்துக்கு மாறா இருந்தா நம்பாத. அவங்களுக்கே போன் பண்ணிக் கேளு."

மறுநாளே உன் மெயில். 'என் அன்பு அக்கா, நீ இல்லாவிட்டால் நான் இல்லை' என்று ஆரம்பம். நீயே சொல், இது உன் வழக்கமா? தபாலில் புத்தாண்டு வாழ்த்துக் கார்டு வந்த காலத்தில், 'போன வருஷம் போட்ட அதே ரோஜாப்பூ. கடையில் மீந்ததா?' என்று எழுதுவாய். நான், 'நீ ஒட்டிய ஸ்டாம்ப் உன் வகிடு மாதிரியே கோணல்' என்று பதில் போடுவேன். தபால்காரர் வாசலில் நின்று படித்துச் சிரித்துவிட்டுத்தான் கையில் தருவார். ஜன்னலில் நூல் கட்டி எல்லாவற்றையும் தொங்கவிடும்போது என் வீட்டுக்காரர், "உன் தங்கச்சியோடதை நடுவுல மாட்டு. மத்ததெல்லாம் அச்சடிச்சது, இது ஒண்ணுதான் எழுதினது," என்பார். அவர் போன பிறகு வந்த முதல் புத்தாண்டுக்கும் நீ மாறவில்லை. 'மாட்ட ஆள் இல்லை என்று கார்டைத் தரையில் போட்டுவிடாதே, வீட்டில் ஸ்டூல் இருக்கிறது' என்று எழுதினாய். அவர் போனதிலிருந்து நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்படிப்பட்டவள் பாசமாக எழுதினால் யார் நம்புவார்கள்? முதல் வரியோடு அழித்துவிட்டேன். போன் செய்து கேட்டிருக்கலாமே என்கிறாள் பேத்தி. 'நிஜமாகவே என் மேல் இவ்வளவு பாசமா' என்று உன்னிடம் கேட்க எனக்கு வாய் வருமா? இல்லை என்று நீ சொல்லிவிட்டால்?

முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும், பயந்துபோய்த்தான் நீ அப்படி எழுதினாய் என்பதும் உன் மகள் சொல்லித்தான் தெரியும். பயப்படாதே. ஆனால் நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன், தப்பு உன்னுடையது. இனி எழுதினால் அடையாளத்துக்கு ஒரு குத்தலாவது வை.

நீயும் உன் பிள்ளைகளும் நீண்ட ஆயுளோடு, வலியில்லாத காலோடு, வாய் மட்டும் குறையாமல் இருக்க வாழ்த்தும்,
அக்கா

பின்குறிப்பு: பேத்தி உன் மெயிலைக் குப்பையிலிருந்து மீட்டு முழுதும் படித்துக் காட்டினாள். மேலே உன்னைக் குற்றம் சொன்ன இடங்களை எல்லாம் அடித்துவிடு. ஆபரேஷனுக்கு முந்தின நாளே வந்துவிடுகிறேன். 'இதைப் படிக்கக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பாய், தலையில் தொட்டுப் பார்' என்று முடித்திருக்கிறாய். பார்த்தேன். இருந்தது.