உஷ் அண்ணனின் இடது பெட்டி

காஞ்சிபுரத்தில் கோயில் யானைக்குப் பயப்படாதவர்கள் இருக்கிறார்கள். முகூர்த்தப் புடவை எடுக்க வரும் சம்பந்தியம்மாளுக்குக்கூடப் பயப்படாத ஓரிருவரை எனக்குத் தெரியும். ஆனால் உஷ் அண்ணனின் ஆள்காட்டி விரலுக்குப் பயப்படாதவர் என்று பிள்ளையார்பாளையத்தில் ஒருவரும் கிடையாது. அந்த விரல் உதட்டின்மேல் ஏறி "உஷ்" என்று ஒரு சத்தம் வந்தால் போதும். கீரைக்காரம்மா பாதிக் கூவலில் நிறுத்திவிடுவார், தெரு நாய் உட்கார்ந்துவிடும்.

அவருடைய நிஜப்பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். சென்னையில் மூடிப்போன ரெக்கார்டிங் தியேட்டர்களின் பழைய மானிட்டர் ஸ்பீக்கர்களைத் தேடிப் பிடித்து உயிர் கொடுப்பது அவர் வேலை. பாடுகிறவர் எங்கே சுருதி விலகினார், எங்கே திருட்டு மூச்சு வாங்கினார் என்று கண்டுபிடிப்பதற்கென்றே செய்த பெட்டிகள் அவை. வீட்டு ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் சர்க்கரை தூவிக் கொடுக்கும், இது உள்ளதை உள்ளபடி முகத்துக்கு நேரே சொல்லும் என்பார். இந்தக் குணம் மனிதர்களிடம் இருந்தாலே ஒதுங்கிப் போகிறவன் நான்.

ஒருநாள் என்னைப் பிடித்து மைக் முன்னால் உட்காரவைத்து நாலு வார்த்தை பேசச் சொன்னார். பிறகு அதைப் பெட்டியில் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டார்.

"குரல் முழுக்க பயம் கீதுபா, தம்பி" என்றார்.

அது என் மனைவி செல்விக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். ஆனாலும் தெரு கேட்க நிரூபித்திருக்க வேண்டாம்.

வாலாஜாபாத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் கோழிகள் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு ஜோடிப் பெட்டியை அவர் மீட்டு வந்ததிலிருந்துதான் எங்கள் வீட்டுக்குச் சனி பிடித்தது. இரண்டும் இடுப்பு உயரம். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியிலிருந்து நாலு பேர் இறக்கினோம். இறக்கும்போது, பெட்டியின் முன்பக்கம் காற்றுக்காக விட்டிருக்கும் வட்ட ஓட்டையிலிருந்து ஒரு வால் நழுவி எங்கள் வாசலுக்குள் ஓடியதைச் செல்வி பார்த்துவிட்டாள்.

நெசவாளி வீட்டில் பாம்பு வந்தால்கூட வழி விட்டு நிற்போம். எலி அப்படியில்லை. தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கும் பாவு நூலில் நாலு விரற்கடை கடித்துவிட்டால் ஒரு புடவையே போயிற்று. அப்போது எங்கள் தறியில் இருந்தது என் தங்கை கவிதாவின் முகூர்த்தப் புடவை. ஊருக்கெல்லாம் கல்யாணப் புடவை நெய்து கொடுத்தவர்கள் நாங்கள். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கென்று ஒன்று தறி ஏறியது அதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்கு முப்பது நாள் இருந்தது.

வடை வைத்தோம், கருவாடு வைத்தோம். எலி இரண்டையும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் குடையுடன் தறிக்குக் காவல் இருந்தேன். எலி வந்தால் குடையை என்ன செய்வதாக இருந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் உஷ் அண்ணன் வேறு உலகத்தில் இருந்தார். ஸ்பீக்கரில் சத்தம் பிறக்கும் காகிதக் கூம்பு இடது பெட்டியில் கிழிந்து தொங்கியது. அதை மெல்லிய காகிதமும் பசையும் வைத்து, மூச்சு விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தார். தெரு சும்மா இருக்குமா? பாவுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சியைத் தடவினால் விறைப்பாக நிற்கும் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

"கஞ்சின்னு எவனும் வாயத் தொறக்கக் கூடாது. காயிதம் பாரமாயி பெட்டி பொய் சொல்லும். எலியும் வரும்" என்றார் அவர்.

இரண்டு வாரத்தில் கூம்பு சரியானது. எங்கள் வீட்டில் எலிப்புழுக்கை மட்டும் கூடிக்கொண்டே போனது. கடைசியில் அமாவாசை வந்தது. அன்று தறி ஓட்டுவதில்லை, தெருவே அடங்கிக் கிடக்கும். மத்தியானம் உஷ் அண்ணன் எங்கள் தறிக்கு அடியில் ஒரு மைக்கை வைத்து, ஒயரைச் சுவருக்கு மேலாக இழுத்துத் தன் பெட்டிகளில் கொடுத்தார். நாங்கள் அவர் வீட்டில் போய் உட்கார்ந்தோம்.

அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கவே கூடாது. கல் உடைக்கிற எந்திரம் எங்கள் வீட்டுக்குள் ஓடுவது போலிருந்தது. எலிக்கு எத்தனை பல் என்றுகூட எண்ணியிருக்கலாம்.

"தறிக்குழியில, வலது மூல. கட்டையத்தான் கடிச்சிக்கினு இருக்குது. இன்னும் நூலத் தொடல" என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமல்.

செல்வி மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, அந்தப் பாவு போச்சுன்னா கவிதாவுக்குக் கடைப் புடவதான். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. அதான் எனக்குத் தாங்கல."

அண்ணன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். விரலும் உதட்டுக்கு ஏறவில்லை. நாங்கள் ஓடி வந்து, தறிக்கடியில் கால் தொங்கப்போட்டு மிதிக்கும் குழியில் விளக்கடித்துப் பார்த்தபோது எலி சுவர்ப் பொந்துக்குள் போய்விட்டிருந்தது.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். கம்பிப் பொறிக்குள் எலி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இடது பெட்டி. இரண்டு வாரம் ஒட்டிய கூம்பில் உள்ளங்கை அளவுக்கு ஓட்டை.

"அதுவா வந்து பெட்டிக்குள்ள பூந்துக்கிச்சு. நான் தெரியாத்தனமா காத்து ஓட்டைய அடைச்சுட்டேன்பா" என்றார்.

பயம் விட்டுப்போன சந்தோஷத்தில் நான் செய்தது பெரிய அயோக்கியத்தனம். தெரு முழுக்கப் போய்ச் சொன்னேன். ஊரையே அடக்குகிற மனிதர் எலியை உள்ளே வைத்துப் பூட்டிய கதையை, நடித்தும் காட்டினேன். ஒரு வாரம் தெரு சிரித்தது. அவரும் கூடவே சிரித்தார்.

புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்த அன்றுதான் செல்வி சொன்னாள். "அமாவாச அன்னிக்கு சாயங்காலம் அண்ணன் வந்து ஒரு டம்ளர் கஞ்சி வாங்கிக்கினு போனாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. பயந்துடுவீங்களாம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த எலிக்குத் தெரிந்த ஒரே வீடு அந்தப் பெட்டி. கஞ்சி வாசனைக்கு உள்ளே போனதும் காற்று ஓட்டையை அடைத்திருக்கிறார். மற்ற பக்கமெல்லாம் கனத்த மரம். அது வெளியே வர ஒரே வழி காகிதம்தான். பொறியைக் கூம்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தன் இரண்டு வார வேலையை எலி கடிப்பதை, அந்தக் காதால் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

பாவின் கடைசியில் மிஞ்சிய பட்டுத் துண்டைச் செல்வி கொண்டுபோய்க் கொடுத்தாள். அண்ணன் அதை வைத்தே கூம்பின் ஓட்டையை அடைத்தார். வலது பெட்டி வழக்கம்போல உண்மையே பேசியது. இடது பெட்டி மட்டும் அதற்குப் பிறகு கொஞ்சம் தாட்சண்யம் பார்க்கும் என்பார்.

போன வருஷம் அவர் தென்னேரியில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். கிளம்புகிற அன்று என்னை மறுபடி மைக் முன்னால் பேசவைத்தார். இடது பெட்டியை மட்டும் போட்டுக் கேட்டார்.

"பாத்தியா தம்பி, பயமே இல்ல."

எந்தப் பெட்டி என்பதை நான் கவனித்தேன். கவனிக்காத மாதிரி தலையாட்டினேன்.

இப்போதும் தறிக்குழியில் ஏதாவது சுரண்டினால் என் கை தானாகச் சுவரைத் தட்டப் போகிறது. அந்தப் பக்கத்திலிருந்து "உஷ்" என்று சொல்ல ஆள் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது, அண்ணா.